ஸ்லீவுக்குள் மடித்த ஒயர்

அபுதாபி ருவைஸில் பிளான்ட் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, லீவு நாட்களில் ஒரு விமானத்துக்கு ஒயரிங் செய்தேன். ஊரில் நான் மாட்டிய ஃபேனுக்கு நேர் கீழே என் மனைவி இன்றுவரை உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்ட என்னை நம்பி ஒருவர் பறக்கத் துணிந்தார்.

அவர் எங்கள் பிளான்ட்டின் டிசைன் இன்ஜினியர் சந்திரமோகன், கோயம்புத்தூர்க்காரர். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, பாலைவன ஓரத்தில் ஒரு வாடகை ஹேங்கரில், இரண்டு பேர் உட்காரும் விமானத்தை ஐந்து வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ரிவெட் எல்லாம் அவரே அடித்தார். ஒயர் என்றால் மட்டும் பயம்.

முதல் நாளே சொன்னார்: "ஏனுங்க பெரியசாமி, இது பில்டிங் இல்லீங்க. ஒரு லக் கழண்டா மேல நிறுத்திட்டுப் பாக்க முடியாது."

"கீழ நிறுத்தியே நான் ஒழுங்கா பார்த்ததில்ல சார்."

சிரித்தார். "அதுதானுங்க பயம்."

ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைதான் லக். விமான ஒயருக்கென்று தனி லக், அதை அழுத்தத் தனி கிரிம்பிங் டூல் எல்லாம் வாங்கித் தந்தார். ஒவ்வொரு லக்கையும் அழுத்தியதும் இழுத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் மேலே பிளாஸ்டிக் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்கி ஒட்ட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சின்ன லக் தீர்ந்துபோனது. சார் அன்று வரவில்லை. பில்டிங் வேலையில் லக் பெரிதாக இருந்தால் என்ன செய்வோம்? ஒயர் நுனியை இரண்டாக மடித்துத் திணித்து அமுக்குவோம். பையில் கிடந்த பெரிய லக்கில் அதையே செய்தேன். இழுத்துப் பார்க்கவில்லை. ஸ்லீவ் போட்டதும் எல்லாம் ஒரே மாதிரி அழகாகத் தெரிந்தன. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரமே சாருக்கு வேலை போனது. ஆள் குறைப்பு. விசா முடிவதற்குள் ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று ஓடினார். சோதனைப் பறப்புக்கு ஒரு சனிக்கிழமை அனுமதி கிடைத்தது.

முந்தைய நாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். விமானம் முழுவதும் நடுங்கியது. எனக்கு அந்த மடித்த ஒயர்கள் ஞாபகம் வந்தன. அந்த எஞ்சினுக்குத் தீப்பொறியே பேட்டரி கரண்டில்தான். ஒயர் கழன்றால் எஞ்சின் நிற்கும். அவர் அணைத்து இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை லக்குங்க?"

"அஞ்சாறு இருக்கும் சார்."

"எது எது?"

"ஞாபகம் இல்ல சார்."

"எப்பங்க பண்ணுனீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்து, நாளைக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பிளேடை எடுத்து ஸ்லீவ்களைக் கிழிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். எஞ்சின் இக்னிஷன் ஒயரை இரண்டு விரலால் இழுத்தார். லக்கை விட்டு ஒயர் கையோடு வந்தது. அதை என்னிடம் காட்டக்கூட இல்லை, டேபிளில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தார்.

எல்லா லக்கையும் மாற்ற நான்கு நாள் ஆனது. மறுபடி அனுமதிக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவர் விசாவில் மீதி இருந்ததோ நான்கு நாள். விமானத்தை ஒரு வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வெள்ளைக்காரர்தான் இன்று அதில் பறக்கிறார்.

"ஒரு உயிரைக் காப்பாத்தினப்பா" என்று ரூமில் கூட இருந்தவர்கள் மெச்சினார்கள். எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மாலையே போனில் சொல்லியிருந்தால் அது அரைமணி நேர வேலை. எந்த லக் என்பதும் ஞாபகம் இருந்திருக்கும். தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, தப்பு எப்படியும் செய்வீர்கள், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் உண்மையைச் சொன்னேன், ஆனால் அவரால் இனிப் பறக்கவே முடியாத நாளில் சொன்னேன்.

கிளம்புவதற்கு முன் சார் ஹேங்கருக்கு வந்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்து மாஸ்டர் சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குதுங்க பெரியசாமி" என்று சொல்லி, சுவிட்சை அணைத்தார்.