கணக்கு வாத்தியார் வேண்டி ஒரு மனு

உள்ளூர் நிருபர் வேலையில் செய்தி எழுதும் நேரம் கொஞ்சம். பிறர் கொண்டுவரும் மனுவைப் படித்துவிட்டு "பார்க்கலாம்" என்று சொல்லும் நேரமே அதிகம். அறுபதுகளில் திருப்பூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தபோது சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று எத்தனையோ மனுக்கள் என் அறைக்கு வந்தன. சிலவற்றுக்கு விமோசனம் கிடைத்ததும் உண்டு. பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்த ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

முதல் கதவு

பழனிச்சாமி ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவருடைய மூத்த மகள் சரஸ்வதி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதுக்கு அப்போது சர்க்காரே பரீட்சை வைத்தது. அதில் தேறினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைதான். மகள் டீச்சராக வேண்டும் என்பது பழனிச்சாமியின் ஆசை. ஆனால் கணக்கு வாத்தியார் ஆடி மாதமே தாராபுரத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புரட்டாசி வந்தும் அந்த நாற்காலி காலி. கணக்குப் பீரியடில் பிள்ளைகள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பழனிச்சாமி முறைப்படி முதலில் ஹெட்மாஸ்டரிடம் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் நிற்கவைத்த பிறகு, நீ எதுவரை படித்திருக்கிறாய் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். மூன்றாவது என்றார் இவர். அதற்கு ஹெட்மாஸ்டர் சொன்னது: "மூணாவது படிச்சவனுக்கு எட்டாவதுல கணக்கு நடக்குதா நடக்கலையான்னு எப்படிய்யா தெரியும்?"

பெயரும் நம்பரும்

அடுத்த படி, பள்ளியின் தாளாளர். அங்கேதான் சிக்கல். அது சர்க்கார் உதவி பெறும் தனியார் பள்ளி. அதை நடத்திய தாளாளர்தான் பழனிச்சாமி வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. எட்டாவதில் படித்த பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனிக்காரர்கள். அவரிடம் நேரில் போய் உங்கள் பள்ளியில் குறை இருக்கிறது என்று சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. கல்வி இலாகாவின் டெபுடி இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள், ஒருவர் எழுதினால் மதிக்கமாட்டார்கள், பலரிடம் கையெழுத்து வாங்குங்கள் என்று யோசனை சொன்னது நான்தான். மனுவை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

பத்து நாள் கழித்துப் பழனிச்சாமி இருபத்திரண்டு கையெழுத்துகளோடு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு எண் இருந்தது. கம்பெனி டோக்கன் நம்பர். லீவு கேட்டாலும், அட்வான்ஸ் கேட்டாலும் பெயரோடு நம்பரையும் எழுதியே பழகிய கைகள். அதை அடித்துவிட்டு முகவரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை, ஏனென்றால் பழனிச்சாமியின் பதில் எனக்கும் நியாயமாகவே பட்டது: "வெறும் பேரை எழுதினா கவர்மெண்டு நம்புமுங்களா? எங்க கம்பெனியில பழனிச்சாமியே ஏழு பேரு இருக்கறமுங்க."

மேல்நடவடிக்கை

டெபுடி இன்ஸ்பெக்டர் முகாமில் இருந்தார். எப்போது போனாலும் முகாமில்தான் இருப்பார். குமாஸ்தா மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றினார். பழனிச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முத்திரை விழுந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி என்று நம்பினார்.

இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். உதவி பெறும் பள்ளியைப் பற்றி எந்த மனு வந்தாலும், அசலை அப்படியே அந்தப் பள்ளித் தாளாளருக்கு அனுப்பி விளக்கம் கேட்பது விதி என்றார் குமாஸ்தா. பழனிச்சாமி மேசையைப் பிடித்துக்கொண்டார். மனுவைத் திருப்பித் தர முடியுமா என்று கெஞ்சிக் கேட்டார். குமாஸ்தா கெட்டவர் அல்ல, ஆறுதலாகவே சொன்னார்: "பயப்படாதீங்க, உங்க மனு எங்கேயும் தொலைஞ்சு போகாது. நம்பர் போட்டாச்சு."

இருபத்திரண்டு பேருக்கும் டீ

மார்கழியில் ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளைப் பார்த்து டோக்கன் நம்பர்களை வரிசையாக வாசித்தாராம். இருபத்திரண்டு பேரும் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் மாராத்தாள். அவரும் மனுவில் ரேகை வைத்தவர், அவர் மகளும் அதே வகுப்பு. முதலாளி கோபிக்கவில்லை. எல்லோருக்கும் டீ வரவழைத்தார். "ஏனுங்க, நான் என்ன வேத்தாளா? உங்க புள்ளைக எம்பட புள்ளைக இல்லீங்களா? ஒரு கொறைன்னா எங்கிட்டச் சொல்றதுதானுங்களே" என்று வருத்தப்பட்டார். பிறகு மேசைமேல் ஒரு தாள் வந்தது. பள்ளிமீது எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, பிறர் தூண்டுதலால் கையெழுத்திட்டோம் என்று அதில் எழுதியிருந்தது.

பழனிச்சாமி கடைசியாக நின்றார். "வாத்தியார் எப்பங்க வருவாரு?" என்று கேட்டார். ஆள் கிடைத்தால் வருவார், முதலில் கையெழுத்தைப் போடு என்றார் முதலாளி. போட்டார். மாராத்தாள் இதை என்னிடம் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: "வாத்தியார் வேணும்னு அன்னைக்கு ரேகை வெச்சமுங்க, கொறையே இல்லேன்னு இன்னைக்கு வெச்சமுங்க. அன்னைக்கு ஒருத்தரும் டீ வாங்கிக் குடுக்கலீங்க."

சப் எடிட்டர்

மனு கொடுத்த அன்றே நான் செய்தி எழுதிக் கோவை பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். அது வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஒரு தரப்பை மட்டும் போடக்கூடாது, தாளாளர் தரப்பையும் வாங்கி அனுப்பு என்றார் சப் எடிட்டர். பத்திரிகை தர்மப்படி அது சரியான பேச்சு. தாளாளர் என்னைப் பார்க்க நேரம் தருவதற்குள் மார்கழி வந்து, புகார் இல்லை என்ற அந்தத் தாள் கல்வி இலாகாவுக்குப் போய், கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது. நடந்ததை எல்லாம் சேர்த்து மறுபடி எழுதிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "புகாரே இல்லைன்னு இருபத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்தாச்சு. இனிமே இதுல செய்தி எங்கேய்யா இருக்கு?"

நூற்றுக்கு நூறு

கணக்கு வாத்தியார் வரவே இல்லை. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தேறாதவர்களைச் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவதில்லை என்று ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் ஆறு பேர் பரீட்சை எழுதினார்கள். வீட்டில் தனியாக வாத்தியார் வைத்துப் படித்தவர்கள். ஆறு பேரும் தேறினார்கள். பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற செய்தி, தாளாளரின் படத்தோடு எங்கள் பத்திரிகையில் வந்தது. அந்தப் பள்ளியைப் பற்றி நான் அனுப்பி, ஒரு வரிகூட வெட்டப்படாமல் வந்த ஒரே செய்தி அது.

சித்திரையில் சரஸ்வதி கைமடி வேலைக்குப் போனாள். அடுத்த மாதம் பழனிச்சாமி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கல்வி மந்திரிக்கு எழுதலாம், இந்தத் தடவை டோக்கன் நம்பர் இல்லாமல் எழுதலாம் என்றேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேறு பள்ளி என்றால் நல்லூர் வரை நடக்க வேண்டும் என்றார். பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சின்னவ அங்கயே நாலாவது படிக்கறாளுங்க. இனி என்னைய ரோட்டுல பாத்தாக்கூடப் பேசிராதீங்க சாமி."

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெற்றோர் குறை சொல்ல அந்நாளில் முறையான ஏற்பாடு இருந்தது என்பதையும், ஒவ்வொரு மேசையிலும் அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது என்பதையும் கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் நான் உறுதி சொல்ல முடியும்.