கருகிய முலாம்

லெஸ்டர் நகரத்து ரப்பர் ஆலையில் மேவிஸுக்கு வேலை, கார் எஞ்சினைத் தாங்கும் இரும்புத் துண்டுகளைக் கம்பியில் மாட்டிப் பித்தளை முலாம் தொட்டிக்குள் இறக்குவது. பக்கத்தில் நின்று கரண்டைக் கூட்டிக் குறைப்பவன் அவள் கணவன் க்ளெம். முலாம் நைஸாகப் படிந்தால்தான், அதன்மேல் அழுத்தி வேகவைக்கும் ரப்பர் இரும்பை விடாது. கரண்ட் கூடினால் பொரபொரவென்று கருகிப் படியும். ரப்பர் அந்தப் பொருக்கைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

க்ளெமுக்குக் கண் மங்கிவிட்டது. டாக்டரும் கைவிரித்துவிட்டார். அது மேவிஸுக்கு மட்டுமே தெரியும். "கருக்குது, கொஞ்சம் எறக்கு" என்று அவள் முணுமுணுப்பாள். அவன் கரண்டைக் குறைப்பான். பிழைப்பு அப்படி ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மேவிஸ் வாய் திறந்தாள். "ஃபோர்மன் டக்வெல்கிட்ட சொல்லிடு க்ளெம். கடிச்சா தின்னுடுவாரு?"

"நீ சொல்லாட்டி எனக்கு வேலை தெரியாதாக்கும்! வாய மூடிக்கிட்டு வா."

"சரி, நீயே பாத்துக்க."

அன்று தொட்டியில் முலாம் கருகியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பாழாய்ப்போன வீம்பு!

மறுநாள் டக்வெல் ஒரு துண்டை எடுத்து ரப்பரைக் குறடால் இழுத்தார். வாழைப்பழத் தோலாக உரிந்து வந்தது. "யாரு வேல இது?"

க்ளெமின் முகம் வெளுத்ததை மேவிஸ் பார்த்தாள். "நான்தான் மிஸ்டர் டக்வெல். கையுறை போடாம தொட்டுட்டேன், கைப்பிசுக்கு ஒட்டிடுச்சு."

"நாளையிலேருந்து பேக்கிங் ஷெட்டுக்குப் போ. வீட்டுக்கு அனுப்பலையேன்னு சந்தோஷப்படு."

பேக்கிங் ஷெட் முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து தொட்டி தெரியாது. இனி க்ளெமுக்கு யார் பார்த்துச் சொல்வது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். கம்பியை மேலே தூக்கியதும் க்ளெம் கேட்டான்: "என்ன நிறத்துல இருக்கும்மா?"

"கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா பெருசு?" என்று அவள் சிரித்தாள்.

க்ளெம் கரண்டை நிறுத்தினான். டக்வெல்லிடம் போய் விஷயத்தைச் சொன்னான். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே முற்றத்தைக் கடந்து மேவிஸிடம் வந்தான்.

"சொல்லிட்டேன். என் வேலை முடிஞ்சுது."

மேவிஸ் உடைந்து அழுதாள். "செவ்வாக்கெழமை நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன் க்ளெம்."

"தெரியும். சொல்ல வாயெடுத்து நீ முழுங்கினது காதுல விழுந்துச்சு. விழுந்தும் நான் கரண்டக் கொறைக்கல."