நடு மூட்டை

இதை எழுதலாமென்று உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனது எத்தனையோ தடவை. பயமில்லை, வெட்கம். பேரன் பேத்திகள் படிப்பார்களே, கோயிலில் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் படிப்பார்களே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். பீரோவுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற குத்தூசிதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு முழ நீள இரும்பு, முனை கூர், நெடுகப் பள்ளம். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற தானியம் ஒரு கைப்பிடி வெளியே வந்துவிடும். பருப்பு மில்லில் கொள்முதல் மேனேஜராக இருந்த காலமெல்லாம் தினமும் காலையில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் லாரிப் பக்கம் போவேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றவன் நான். எடைமேடையில் சீட்டு எழுதத் தொடங்கி, மூக்கும் நாக்கும் பழகி, அந்த நாற்காலிக்கு வந்தேன். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கமாட்டேன் என்பது என் பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் மில்லில் பதம் பார்க்கிற அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், புருஷன் இல்லை. குத்தூசி இழுத்துக் கொடுக்கும் உளுந்தில் ஐந்து மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். “சத்தம் கேக்கணும் தம்பி. டக்குன்னு ஒடைஞ்சா காஞ்சது. பேசாம நசுங்குச்சுன்னா உள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கு” என்பார். ஈரம் பார்க்கிற மெஷின் வாங்கிய பிறகும் முதலாளி அக்காவின் பல்லைத்தான் நம்பினார். “மெஷினு பொய் சொன்னாலும் அதுக்கு வலிக்காது. எனக்குப் பல்லு வலிக்கும்ல?” என்று அக்கா சிரிப்பார்.

அந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்துபோக எங்கள் தெருவில் நாற்பது பேர் மாலை போட்டிருந்தோம். குழுவுக்கு நான்தான் தலைவர். வழியில் அன்னதானம் முழுக்கத் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டவர் எங்களுக்குச் சரக்கு பிடித்துத் தரும் புரோக்கர் அண்ணாச்சி. நான் கிளம்ப வேண்டிய வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய உளுந்து லோடு வந்து நின்றது. கேட்டுக்கு வெளியே எங்கள் குழுவின் கொட்டுச் சத்தம் வந்துவிட்டது. லாரியின் ஓரத்தில் ஆறு மூட்டை குத்த வேண்டும், பிறகு நடுவிலிருந்து இரண்டை இறக்கிக் குத்த வேண்டும். அதுதான் எங்கள் முறை. ஓரத்து ஆறும் நன்றாக இருந்தன. லோடு இறக்கும் ஆட்களில் ஒருவன், “ஏலே, மேனேசரு மஞ்ச வேட்டி கட்டியாச்சு. இன்னிக்கு மண்ணைக் கொண்டாந்தாலும் பாஸுலே” என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. லாரித் தட்டில் நடுவே சிந்திக் கிடந்த உளுந்தைப் பொறுக்கிக் கடித்தவர், “தம்பி, நடு மூட்டைய ஒண்ணு எறக்குங்க. கீழ சிந்துனது பேசல” என்றார். “அண்ணாச்சி சரக்குக்கா. ஆத்தாளுக்குச் சோறு போடுற மனுசன் ஏமாத்துவாரா?” என்றேன். “ஆத்தா வேற, உளுந்து வேற தம்பி” என்றார். நான் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கு எழுதத் தெரியாது. பதம் பார்த்தவர் என்ற இடத்தில் வழக்கம்போல அவர் பேரையும் நானே எழுதினேன்.

அப்பளக் கம்பெனி ஆர்டர் ஒன்று அவசரமாக இருந்ததால் அந்த உளுந்து மறுநாளே மாவாகிப் போயிற்று. நான் சாமி கும்பிட்டுத் திரும்பி, திங்கட்கிழமை எல்லோருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டி வாங்கினார். அப்போதுதான் முதலாளி படியிறங்கி வந்தார். மாவு முழுக்கப் பூசண வாடை என்று லாரி திரும்பி வந்திருந்தது. “இந்த லோடுக்குப் பதம் பாத்தது யாரு?” என்று சத்தம் போட்டார். நான், “அக்காதான் முதலாளி” என்றேன். சீட்டைக் காட்டினால் அது உண்மை. நான் சொன்னதிலேயே பெரிய பொய்யும் அதுதான். அக்கா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். திருநீறு இருந்த கையை மூடிக்கொண்டார். மறுநாள் முதல் வரவில்லை.

லோடு கெடுத்தவர் என்று பேராகிவிட்டால் ஊரில் வேறு எந்த மில்லிலும் சேர்க்கமாட்டார்கள். தாயில்பட்டிப் பக்கம் தங்கச்சி ஊருக்குப் போய் பட்டாசு செய்கிற வெடி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து அந்தப் பக்கம் விபத்து என்று டிவியில் ஓடும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. செத்தவர்கள் பேர் போடும்வரை எழுந்திருக்கமாட்டேன். அக்கா பேர் இல்லையென்றால் ஆத்தாளுக்கு நன்றி சொல்வேன். அங்கே வேறு யாரோ செத்திருக்கிறார்கள், நான் நன்றி சொல்கிறேன். இந்தக் கேவலத்தையும் எழுதாமல் விட முடியாது.

போன வருஷம் எனக்கு வழியனுப்பு விழா. முதலாளியின் மகன் பேசினார். “சார் வாங்குன சரக்கு ஒரே ஒரு தடவதான் திரும்பி வந்துருக்கு. அதுவும் சார் தப்பு இல்ல” என்றார். கைதட்டினார்கள். கழுத்தில் மாலையோடு கும்பிட்டபடி நின்றேன். இந்தக் குத்தூசியை மெருகேற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவையும் வாய் திறக்கவில்லை நான்.

அடுத்த மாதம் மறுபடி ஒரு விபத்துச் செய்தி. இந்தத் தடவை டிவி முன்னால் உட்காரவில்லை, பஸ் ஏறி, வீட்டை விசாரித்துக்கொண்டு போய்விட்டேன். அக்கா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு. “என்ன மேனேசர் தம்பி, உசுரோட இருக்கேனான்னு பாக்க வந்தீகளா? இருக்கேன். சாப்பிட்டீகளா?” என்றார்.

அழுதுவிட்டேன். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “கையில ஆத்தா திருநீறு இருந்துச்சு. குடுத்ததும் நீங்க. அத வச்சுக்கிட்டு ஒங்களக் காட்டிக் குடுக்க வாய் வரல. நீங்களே சொல்லீருவீகன்னு பாத்துக்கிட்டு நின்னேன்” என்றார். மிச்சத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “வேல போனது போகட்டும் தம்பி. அங்கன மில்லுல புதுசா வர்ற புள்ளைககிட்ட, ஈரத்த விட்டவ கத தெரியும்லன்னு இன்னும் என்னையச் சொல்லுறாகளாம். அதத்தான் தாங்க முடியல” என்றார்.

மில்லுக்குப் போய் முதலாளியின் மகனிடம் சொன்னேன். “பழைய கத சார், விடுங்க” என்று சிரித்து டீ சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அக்கா, “எழுதுங்க. அவசரம், கூட்டம்னு பூசி மெழுகாதீக” என்றார்.

மில்லில் வேலை செய்கிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். பாவம், நல்ல மனுசன், சாமி கும்பிடுகிறவன் என்று என் பக்கம் எதையும் சேர்க்கவும் வேண்டாம். குத்தூசி என் கையில் இருந்தது. அக்கா சொன்னார். நடு மூட்டையில் நான் குத்தவில்லை.