தெலுங்கு எழுத்தில் நாற்பது அடிகள்

அவையோரே, நீங்களே சாட்சி. திருப்பதிக் கல்லூரி அரங்கில் இன்று நான் பேச எழுந்தபோது ஒலிபெருக்கி கீச்சிட்டது. அந்தக் கணமே பன்னிரண்டு வயதுச் சிறுவனாகி, சித்தூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த தமிழ் விழா மேடையில் நின்றேன்.

அந்த வயதில் நானே எனக்கொரு படிப்புத் திட்டம் வகுத்திருந்தேன். முதலாண்டு சங்கப் பாடல்கள், அடுத்து சமஸ்கிருதம், பிறகு பிராகிருதம். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் விசைத்தறிக் கொட்டகைச் சுவரில் அதை ஒட்டிவைத்து, தறிகளின் இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி மனப்பாடம் செய்தேன். படித்ததோ தெலுங்குப் பள்ளியில். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா வாசிக்க வாசிக்க, தமிழ்ப் பாடல்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டேன். அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

மேடையில் சங்கப் பாடலின் நாற்பது அடிகளைத் தடையின்றி முழங்கினேன். கைதட்டல் ஓய்ந்ததும் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ் நூலைப் பரிசளித்து, "எந்தப் பக்கமாவது பிரிச்சிப் படிங்க தம்பி" என்றார்.

முன்வரிசையிலிருந்த என் தந்தை எழுந்தே விட்டார். எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் 'நைனா' என்றே அழைப்போம். "படி நைனா, கூச்சப்படாத!"

பிரித்தேன். ஓரெழுத்தும் தெரியவில்லை. தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டி இறங்கினேன்.

திரும்பும் பேருந்தில் தந்தை சோடாவை நீட்டினார். "குடி, தொண்ட சரியாப் பூடும்."

தாங்க முடியவில்லை. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது நைனா."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குந்தான் தெரியாது. எம் புள்ள படிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனேடா."

  பயணிகள் திரும்பிப் பார்க்க, உரக்கச் சொன்னேன்: "நாளைக்கே மொத எழுத்துலேர்ந்து எழுதறேன். இன்னொரு வாட்டி நீ படின்னு சொன்னா, படிக்கிறேன் நைனா."