இரண்டு படகு, ஒரே செஷன்

இன்று ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகுக்காரர், நாங்கள் ஜாவாவில் எழுதிய இணையதளத்தில் தன் இரண்டு படகுகளையும் பிரவுசரின் இரண்டு டேப்பில் திறந்து, கடலுக்குப் போகிறவர்களின் பெயர்களை ஏற்றினார்.

"மொதப் படகு ஆளுக பேரெல்லாம் ரெண்டாவது படகுல ஏறிருச்சுங்க" என்றார்.

தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் படகின் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். மீதியை டேட்டாபேஸில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சீனியரோ படகின் முழு விவரத்தையும் செஷனில், அதாவது எல்லா டேப்புக்கும் பொதுவான ஒரே நினைவில், வைத்திருக்கிறார். கடைசியாகத் திறந்த படகுதான் அதில் நிற்கும். போன மாதமே சொன்னேன்.

சீனியருக்குப் போன் செய்தேன். "ஒரு நேரத்துல ஒரு டேப்தான் தொறக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு படகும் ஒண்ணாத்தானே கடலுக்குப் போகுது" என்றார் படகுக்காரர், அதைச் சொன்னதும்.

ஒரு படகு திரும்பாவிட்டால் யாரைத் தேடுவது என்று சீனியரிடம் கேட்டேன்.

"ஸ்கிரீன்ல ஒரு எச்சரிக்கை போட்டுருவோம்."

நடுக்கடலில் அதை யார் படிப்பார்கள் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.