மணல் மூடைக்குள் வெறும்வெளி

நனைந்த மணலும் பழைய உரப்பையும் கலந்த ஒரு வாடை. செட்டிபாளையத்தில் எங்கள் வளவின் வாவிப் பக்கமாக, தென்னங்குற்றிகளை அடுக்கி மேலே மணல் மூடை போட்டிருந்த "பங்கர்" குழிக்குள் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். யுத்தம் நடந்த காலம் அது, எனக்கு எட்டு வயது. உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பதினெட்டு.

ஒருநாள் அக்கா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, கதிரை, சுவர், நான், எல்லாமே அணுக்களால் ஆனவை என்றும், அணுவுக்குள் அநேகமாக வெறும்வெளிதான் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையில்லை. அம்மா சமைக்கும் குசினியின் சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, எப்போது கை உள்ளே போகும் என்று பார்த்தபடி நிற்பேன். சின்னப்பிள்ளையின் மூளையைக் குழப்பிவிட்டாள் என்று அம்மா அக்காவை ஏசினார்.

அடுத்த கிழமை ஒரு பகல்பொழுதில் இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் பங்கருக்கு ஓட, நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மணல் மூடையும் வெறும்வெளி என்றால் அது எதை மறிக்கும்? இறங்கமாட்டேன் என்று அழுத என்னை அம்மாவால் இழுக்க முடியவில்லை. உள்ளே போயிருந்த அக்கா திரும்பி ஏறி வந்தாள்.

"வெளிதான் புள்ள. ஆனா அதுக்குள்ள ஒரு விசை இருக்கு, அது விடாது. உன்ட கை சுவருக்குள்ள போனதா?"

"இல்ல."

"அப்ப இறங்கு."

இறங்கினேன். அக்கா கடைசியாக வந்து, வாசல் மூடையில் முதுகைச் சாய்த்து இருந்தாள். பக்கத்தில் எங்கோ விழுந்த ஒன்றில் நிலம் அதிர்ந்து, எங்கள் தலையில் மணல் கொட்டியது.

அமைதியானபின் வெளியே வந்து பார்த்தால், அக்கா சாய்ந்திருந்த மூடையின் வெளிப்பக்கம் ஓர் ஓட்டை. அக்கா அதற்குள் பென்சிலை விட்டாள். பாதி போய், உள்ளே நின்றுபோன ஷெல் துண்டின் இரும்பில் தட்டியது. அம்மா கும்பிட்டுக்கொண்டு நிற்க, அக்கா பென்சிலில் நகத்தால் ஆழத்தை அடையாளமிட்டாள்.

திடமென்று நம்பியதையெல்லாம் விஞ்ஞானம் கலைத்துவிட, உள்ளது என்றால் என்ன என்று தத்துவவாதிகள் திரும்பவும் கேட்கவேண்டி வந்த கதையைப் பிற்காலத்தில்தான் வாசித்தேன். எட்டு வயதில் எனக்கு அது பங்கர் வாசலில் நின்று முடிவெடுக்கவேண்டிய விஷயமாக இருந்தது.

இப்போது பங்கர் இருந்த இடத்தைக் காட்ட ஆளில்லை, வளவும் கைமாறிவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் அக்காவிடம் போன மாதம் தொலைபேசியில் அந்த விசையைப் பற்றிக் கேட்டேன். சொன்னாள்:

"எனக்கே அண்டைக்கு அதில நம்பிக்கை இல்ல, புள்ள. உன்னை பங்கருக்குள்ள இறக்கவேணும், அதுக்குத்தான் சொன்னன்."