பெரிய முள் எதிரே வரும்வரை

"கண்ணு எங்கயும் போயிடல அண்ணே, அங்கனயேதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாரியாயி ஒரு பட்டறைக்காரரின் இரண்டு மணிக்கட்டையும் அவர் மடியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். மருந்து போட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர் கார்த்திகேசு இப்போதுதான் மரத்துப்போகிற சொட்டு மருந்தை விட்டு, கண்ணில் தைத்திருந்த இரும்புத் தூளை எடுத்துக் கட்டும் போட்டுவிட்டுப் போனார். மரத்த கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தொட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். கட்டை அவிழ்த்துக் கசக்கினால், புண்ணாவதுகூட உறைக்காது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்ன மருந்துச்சாலையில் மாரியாயி கூட்டவும் துடைக்கவும் சேர்ந்த ஆயா. கை பிடிக்கிற வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள், சொட்டு விட்டபோது இருந்த இடத்துக்கு நேர் எதிரே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. "உணர்வு வந்திருச்சு, எரியுது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அவளிடம் செல்லாது. சீனத் தச்சர் யாராவது முரண்டு பிடித்தால், "ஜாங்கான், ஜாங்கான்", தொடாதே என்று மலாயில் ஓர் அதட்டல்.

ஒருமுறை எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஒருவரின் மனைவி சீதாலெட்சுமி, வேறொருத்தி தன் புருஷன் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்து வாசலில் நின்று முறைத்தாள். மாரியாயி கொஞ்சமும் அசரவில்லை. "இந்தா, இந்தக் கை உனக்கு. விட்டியோ, அதையும் நானே பிடிச்சுக்குவேன்."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணமானவர் வெளியே புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் ரெங்கசாமி, முன்னாள் கொல்லர். ஆறு வருஷத்துக்கு முன் இதே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர். அன்று டிரஸ்ஸர் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அவளிடம்தான். எரிகிறது என்று அவர் சொன்னதும் அவள் எழுந்து வாளியை எடுக்கப் போய்விட்டாள். பட்டறை போய்ச் சேரும்வரை அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே போனாராம். மூன்றாம் நாள் சீழ், அப்புறம் ஒற்றைக் கண். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருந்தால் அந்தக் கண் தங்கியிருக்கும் என்று மாரியாயி ஆறு வருஷமும் மறுகிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அவருக்குத் தேத்தண்ணீர் கலந்து மதில்மேல் வைப்பாள், ஆனால் முகத்துக்கு நேரே நின்றதே இல்லை.

போன புதன்கிழமை எஞ்சின் கக்கிய கரித்துண்டு ஒன்று அவள் கண்ணிலேயே விழுந்தது. கார்த்திகேசு சொட்டு விட்டு, கரியை எடுத்து, கட்டுப் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். மாரியாயி தன் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரெங்கசாமி உள்ளே வந்தார். கை கழுவியிருந்தார், ஈரம் காயவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தார்.

அவளுக்குக் கூசிப்போயிற்று. எப்படியாவது எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"எரியுது அண்ணே, விடுங்க."

ரெங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். முள் பாதி தூரம்கூட வரவில்லை.

"அன்னைக்கு எனக்கும் எரியல மாரியாயி. வேலை போயிருமேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். இத்தனை வருஷமா அதைச் சொல்ல வாய் வரல."

அவளுடைய கட்டுப் போடாத கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க அவர் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. வெளியே ஒரு சரக்கு வண்டி நிதானமாகக் கடந்து போயிற்று. பெரிய முள் நேர் எதிரே வந்தபோது ரெங்கசாமி தன் பிடியைத் தளர்த்தினார். மாரியாயி கையைத் திருப்பி, அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.